ஆறுச்சாமி வீட்டு அரசாணிக் கொடி

போன வாரம் எலப்புள்ளிப் பக்கம், ஓட்டுக் கூரை ஒன்றில் காய்ந்துபோன அரசாணிக் கொடியைப் பார்த்தேன். மஞ்சள் பூசணிக்கு அங்கே அதுதான் பெயர். கூரை முழுக்கப் படர்ந்த கொடி... ஒரு காய்கூட இல்லை.

ஏன் இல்லை? எனக்குத் தெரியும். இரண்டு மாதம் முன்பு நானும் அங்கே இருந்தேன்.

பக்கத்தில் ஒரு காய்கறி ஆராய்ச்சிப் பண்ணை. பல நிலையங்கள் சேர்ந்து நடத்துவது. எல்லா விவசாயிகளுக்கும் பொது என்கிறது போர்டு. அங்கே புது அரசாணி ரகத்துக்கு விதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் வேறு அரசாணி பூத்தால், தேனீ மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்துவிடும். ஆகவே கொடிகளைப் பிடுங்கச் சொல்ல அதிகாரி வீடு வீடாகப் போனார். பத்திரிகைக்கு எழுத நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன்.

எல்லோரும் பிடுங்கினார்கள். ஆறுச்சாமி மட்டும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, இதை மட்டும் உட்டுருங்க. எம்பட புள்ள சரசு ஊனுனதுங்க. ஊனி எட்டாம் நாளு காச்சல்ல போயிட்டா."

அதிகாரி நல்லவர். யோசித்தார். "சரி, கொடி இருக்கட்டும். பூ விரியக் கூடாது. அத்தனையும் மொட்டிலேயே கிள்ளிடணும். முடியுமா?"

"கிள்ளிப்போடறனுங்க."

தினமும் கிள்ளினார். பக்கத்து வீட்டம்மா, "ஏனுங்ண்ணா, உங்களுக்கும் பண்ணையில உத்தியோகம் போட்டுக் குடுத்துட்டாங்களா?" என்று கேட்பாராம். சிரித்துக்கொண்டே கிள்ளினாராம்.

போன வாரம் அவர் சிரிக்கவில்லை.

"கொடி ஒரு நாளைக்குக் காஞ்சுபோகும்னு தெரியாத ஆளாங்க நானு? ஒரே ஒரு காயி இருந்திருந்தா வெதை எடுத்து மறுக்கா ஊனியிருப்பனுங்க. அப்பத் தோணலீங்க."

பண்ணைக்குப் போனேன். அவர்களுடைய விதை நன்றாக வந்திருந்தது. அதிகாரியிடம் கேட்டேன். இங்கே சோதனைப் பாத்தியில் உள்ள சில கொடிகளுக்குத் தினமும் செய்கிறீர்களே, அன்றைக்கு ஜீப்பில் ஏறுமுன் எனக்கும் சொன்னீர்களே — மாலையில் மொட்டுகளின் வாயை நூலால் கட்டிவைத்து, காலையில் ஆண் பூவைப் பெண் பூவில் தேய்த்து, மறுபடியும் கட்டிவிடுவது — தேனீ உள்ளே போகாது, காயும் பிடிக்கும். அந்தக் கூரையில் ஒரு பூவுக்கு அப்படிச் செய்திருக்கலாமா?

"செஞ்சிருக்கலாம். அஞ்சு நிமிஷ வேலை." என்றார். "யாரும் கேக்கலையே சார்."

உண்மைதான். அப்படி ஒரு வழி இருப்பதே ஆறுச்சாமிக்குத் தெரியாது.

தெரிந்த இரண்டு பேரும் ஜீப்பில் இருந்தோம்.