ஜீவன் வைத்துவிட்டுப் போன நம்பர்

பொழுது சாய்ந்த பிறகு கொல்லைப்பக்கம் போக மனைவியை எழுப்பிக்கொண்டு போகிற மனிதருக்கு வீரசிங்கம் என்று பெயர் வாய்த்திருந்தது. அவர் அதை மறைத்ததும் இல்லை. இடிக்குப் பயம், நாய்க்குப் பயம், விடியற்காலையில் அடிக்கிற போனுக்குப் பயம். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவக் கொட்டகையில் அவருடைய லொறி வந்து நின்றால் இராக்கம்மா கூடையை இறக்கிக்கொண்டே சொல்வாள்: "சிங்கம் வந்திருச்சு. யாரும் சத்தமாத் தும்மிராதீங்கடி, லொறியப் போட்டுட்டு ஓடிருவாரு."

வீரசிங்கமும் சேர்ந்து சிரிப்பார். அந்தப் பயம்தான் அவரை நல்ல சாரதியாக்கியது. லுணுகலைப் பக்கத்து மலைப்பாதையில் எல்லா வளைவிலும் ஹோர்ன் அடித்து, எல்லாப் பள்ளத்தையும் எட்டிப் பார்த்து, மாடு நடக்கிற வேகத்தில்தான் இறங்குவார். பயந்தவன் ஓட்டுகிற வண்டியில் பயமில்லாமல் போகலாம் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு இருந்தது.

கொழுந்து லொறி அவர் கைக்கு வந்த விதம்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. அதற்கு முன் அதை ஓட்டியவன் ஜீவன். அடைமழை நாளொன்றில் முனியாண்டிக் கல் இருக்கிற கொண்டை ஊசி வளைவில் மரக்கிளை ஒன்று பாதையில் விழுந்து கிடந்தது. ஜீவன் இறங்கிப் போய் அதை இழுத்தான். மேலே இருந்த மண்மேடு அப்படியே வந்து அவனை மூடியது. பின்னால் நின்ற லொறிக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆட்கள் மண்வெட்டியோடு ஓடிவந்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே அவனுடைய பாட்டு பாடிக்கொண்டே இருந்தது என்றார்கள். வீரசிங்கம் அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

லொறியை அவரிடம் கொடுத்தபோது டேஷ்போர்டில் ஜீவன் பூசிய திருநீறு அப்படியே இருந்தது. ரேடியோவில் அவன் வைத்த நம்பரும் இருந்தது: எண்பத்தேழு புள்ளி ஒன்பது. அதில் பாட்டுப் போட அவன் வைத்திருந்த சாமான்களை மட்டும் அவன் வீட்டார் எடுத்துப் போயிருந்தார்கள். வருஷத் திதி முடியும்வரை செத்தவர் கைபட்டு வைத்ததை இடம் மாற்றக் கூடாது என்பது வீரசிங்கம் வீட்டு வழக்கம். திருநீற்றையும் அவர் துடைக்கவில்லை, ரேடியோவையும் தொடவில்லை. தினமும் மாலை, பனி இறங்குகிற நேரத்தில், கொழுந்து ஏற்றிக்கொண்டு அந்த வளைவைப் பாட்டில்லாமல் கடப்பார். எஞ்சினைவிடத் தன் நெஞ்சடிப்புதான் அவருக்குப் பெரிதாகக் கேட்கும்.

அவருடைய மனைவி விஜயலெட்சுமி இதற்கு ஒரு வழி பார்த்தாள். குவைத்தில் வேலை செய்கிற தங்கச்சி கொண்டுவந்து கொடுத்த, தீப்பெட்டி அளவான எம்பித்ரீ பிளேயர் ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் முழுக்கச் சாமிப்பாட்டாக ஏற்றிவாங்கி அவர் சட்டைப்பையில் போட்டாள்.

"முருகன் பாட்டுப் பாடிக்கிட்டிருந்தா எதுவும் கிட்ட வராது. போடுங்க."

"எதுல போடுறது?"

"அதையும் நான் வந்து சொல்லணுமா?"

லொறியோடு வந்த ஜப்பான் ரேடியோ அது. கெசட் போடுகிற வாயில் பழைய நாடா ஒன்று சிக்கிச் செத்துக் கிடந்தது. வயர் சொருக ஓட்டையும் இல்லை. உரம் ஏற்றப் பதுளைக்குப் போன நாளில் வீரசிங்கம் பஸார் வீதியில் மிப்ரானின் ரேடியோக் கடை முன்னால் லொறியை நிறுத்தினார்.

மிப்ரான் ஏறிப் பார்த்துவிட்டு, விரல் நீளத்தில் கறுப்பாக ஒரு கருவியைக் கொண்டுவந்தான். "அண்ணே, இதுதான் ட்ரான்ஸ்மிட்டர். சிகரட் பத்த வைக்கிற ஓட்டையில சொருகுங்க. பிளேயர் வயரை இதுல குடுங்க. இது பாட்டைக் காத்துல அனுப்பும், ஒங்க ரேடியோ புடிச்சிக்கும்."

"வெடிக்காதே?"

"காருக்கு விக்கிறதைச் சொருகினாப் பொகைஞ்சிரும். லொறிக்கு இருபத்திநாலு வோல்ட். இது ரெண்டுக்கும் தாங்கும். நம்பர் எத்தனை வைக்க?"

"ரேடியோ நம்பரை மாத்தாம வையிங்க தம்பி."

"மாத்தினாலும் போக வேற எடமில்ல. இந்த ஜப்பான் ரேடியோ தொண்ணூறுக்கு மேல எடுக்காது. கீழ காலியாக் கெடக்கிறது இந்த நம்பர்தான். எல்லா லொறிக்காரங்களும் இதுலதான் போடுறாங்க."

இரண்டு மூன்று நாள் நன்றாகவே போனது. முருகனை வா வா என்று கூப்பிடுகிற ஒரு பாட்டை வீரசிங்கம் முனியாண்டி வளைவுக்கென்றே வைத்துக்கொண்டார். பிறகு ஒருநாள் மாலை, வளைவில் திரும்பும்போது முருகன் பாட்டு கரகரத்தது. பாடினவரின் குரலை யாரோ பிடித்து அமுக்கியதுபோல் இருந்தது. அடுத்து ஒரு புல்லாங்குழல் தெளிவாக எழுந்தது. அதன் பின்னால் பழைய காதல் பாட்டு.

ஜீவனின் பாட்டு. தோட்டத்தில் அது தெரியாதவர் இல்லை. வீடு நெருங்குகிற அந்த வளைவில் அவன் அதைத்தான் சத்தமாக வைப்பான். மேலே லயத்து வரிசை வீட்டில் அவனுடைய மனைவி யசோதினி கேட்டுத் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டுவாள்.

வீரசிங்கம் பிளேயரைப் பார்த்தார். அதில் முருகன் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. வளைவு தாண்டியதும் புல்லாங்குழல் தேய்ந்தது, ஒன்றும் நடக்காததுபோல் முருகன் பாட்டு திரும்பி வந்தது.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தது. தினமும் வந்திருந்தால்கூடப் பழகியிருப்பார் போலும். வருமா வராதா என்று தெரியாததுதான் அவரைத் தின்றது. ரேடியோவை நிறுத்திவிட்டுப் போகலாம் என்றால், நிறுத்தினால் அவன் வேறு விதமாக வருவானோ என்ற பயம். சோறு இறங்கவில்லை. ஒரு மாலை பாட்டு கேட்ட நடுக்கத்தில் ஸ்டியரிங்கை வெட்டிவிட்டார். பின் சக்கரம் பள்ளத்தின் விளிம்புக் கல்லில் ஏறி நின்றது. மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்த இரண்டு ஆட்களும் குதித்தே விட்டார்கள்.

"லொறிய ஒப்படைக்கப் போறேன்" என்றார் வீட்டில்.

"ஒப்படைச்சிட்டு? எங்கூடக் கூடையக் கட்டிக்கிட்டு மலைக்கு வாறீங்களா? அங்க அட்டை இருக்கு, அதுக்கும் பயம் ஒங்களுக்கு." சொல்லிவிட்டு விஜயலெட்சுமி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு திருநீறு எடுத்துப் பூசினாள்.

ஒப்படைப்பதற்கு முன்பு அடுத்த பதுளைப் பயணத்தில் ட்ரான்ஸ்மிட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று மிப்ரானிடம் போனார். நடந்ததைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது. பாதி விழுங்கிப் பாதி சொன்னார். மிப்ரான் சிரித்தான்.

"பேயும் இல்ல பிசாசும் இல்லண்ணே. அந்த எடத்துல வேற யாரோ இதே மாதிரி ஒன்னை வச்சு, இதே நம்பர்ல பாட்டுப் போடுறாங்க. கிட்டப் போறப்ப ஒங்க ரேடியோ அதைப் புடிக்குது."

"எவ்வளவு கிட்ட?"

"ஒரு லயத்து நீளம். வயர் கியர் கட்டியிருந்தா இன்னும் கொஞ்சம்."

திரும்பி வரும் வழியெல்லாம் வீரசிங்கம் அதையே நினைத்துக்கொண்டு வந்தார். வளைவுக்கு நேர் மேலே என்ன இருக்கிறது? மண் சரிந்தபோது லயத்தில் பாதியும் போனது. குடும்பங்களைப் பழைய நாற்று மேடைத் தரையில் தகரக் கொட்டில் அடித்து வைத்திருந்தார்கள். கரண்டுகூட இன்னும் வரவில்லை. விளிம்போரக் கொட்டில் யசோதினியுடையது. செத்த வீட்டில் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்ததோடு சரி, அவர் அவளைத் தேடிப் போனதில்லை. ஜீவனுடைய ஆசனத்தில் உட்கார்ந்துகொண்டு அவளை எப்படி நேரில் பார்ப்பது?

மறுநாள் மாலை வளைவில் லொறியை நிறுத்தி, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு, மேட்டில் ஏறினார்.

கொட்டில் வாசலில் யசோதினி குந்தியிருந்தாள். பக்கத்தில் ஒரு திரீவீல் பெட்டரி. அதில் ஜீவனின் பிளேயரோடு கோத்த ட்ரான்ஸ்மிட்டர், அதிலிருந்து செம்புக் கம்பி ஒன்று கூரைத் தகரத்துக்குப் போயிருந்தது. முன்னால் சின்ன ரேடியோ வெறுமனே இரைந்துகொண்டிருந்தது. வீரசிங்கத்துக்குப் பாதி உயிர் வந்தது.

"தங்கச்சி" என்றார்.

"சத்தம் போடாதீங்கண்ணே" என்றாள் அவள், திரும்பாமலே. "இப்ப வருவாரு."

வந்த பாதி உயிரும் போனது.

"யாரும்மா?"

"அவருதான். அவரு பாட்டைப் போட்டுட்டு நிப்பாட்டிருவேன். ரேடியோ இரைஞ்சிக்கிட்டிருக்கும். சில நாள் இந்த நேரத்துக்குத் தானாப் பாடும். சாமிப்பாட்டு." அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் அவரை நடுக்கியது. "அவரு காலையில லொறிய எடுக்கிறப்ப மட்டுந்தான் சாமிப்பாட்டுப் போடுவாரு. இங்க பொழுது சாயுறப்ப அங்க விடியுது போல."

வீரசிங்கம் கீழே நின்ற லொறியைத் திரும்பிப் பார்த்தார்.

"வா வான்னுதான் கூப்பிடுறாரு. வெள்ளிக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கேன்."

அவள் பார்வை கொட்டிலுக்குக் கீழே, பாதைக்கும் கீழே, பனி நிரம்பிய பள்ளத்தில் இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. வீரசிங்கம் தன் வாழ்நாளில் பயந்ததெல்லாம் அந்த நிமிடத்துக்கு முன்னால் விளையாட்டுபோல ஆனது. சொன்னால் அவளுடைய புருஷனை இரண்டாவது தடவை சாகடித்தவராவார். சொல்லாவிட்டால் நாளைக்கு இவள்.

"எந்திரிக்காத. இங்கயே இரு" என்று சொல்லிவிட்டு, சறுக்கிச் சறுக்கி இறங்கிப் போய் லொறியில் ஏறிச் சாவியைத் திருப்பினார். மேலே ரேடியோவில் முருகன் பாட்டு எழுந்தது. அணைத்தார். நின்றது. மறுபடி போட்டார், மறுபடி அணைத்தார். கதவைத் திறந்து வெளியே தலையை நீட்டி, "நான்தாம்மா அது. என் பாட்டு. அவன் இல்ல" என்று கத்தினார்.

யசோதினி மேட்டு விளிம்பில் வந்து நின்றாள். அவள் இன்னும் ஒரு அடி வைத்துவிடக் கூடாது என்று அவர் முனியாண்டியைக் கும்பிட்டார்.

"அப்ப அவரு வரலையா?"

"இல்லம்மா."

"ஒரு நாள்கூடவா?"

"ஒரு நாள்கூட இல்லம்மா."

அவள் உள்ளே போய்த் தகரக் கதவைச் சாத்தினாள். அன்று இரவு விஜயலெட்சுமி அவளுக்குத் துணையாகப் போய்ப் படுத்தாள். விடிந்து, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வந்தபோது, "விடிய விடிய சொவத்தைப் பாத்துக்கிட்டே கெடந்தா" என்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை வீரசிங்கம் பிளேயரை நிறுத்திவிட்டு, ரேடியோவை மட்டும் அதே நம்பரில் வைத்துக்கொண்டு வளைவுக்கு வந்தார். எந்தப் பாட்டு கேட்கக் கூடாது என்று இத்தனை நாள் வேண்டினாரோ, அதைக் கேட்டுவிட வேண்டும் என்று வேண்டினார். இரைச்சல் மட்டும் வந்தது. வளைவு பாதி திரும்பியும் இரைச்சல்தான். நிமிர்ந்து பார்த்தார். கொட்டிலில் வெளிச்சம் இல்லை.

லொறியை அப்படியே போட்டுவிட்டு மேட்டில் ஏறினார். இரண்டு இடத்தில் விழுந்தார். தகரக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே இருட்டு.

"யசோ."

"இங்க இருக்கேண்ணே."

மூலையில் அவள் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், கண்ணால் பார்க்க முடியாமல் விரலால் தடவித் தடவி. வீரசிங்கம் மண் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாட்டு வரல..."

"பெட்டரி எறங்கிப்போச்சு." அவள் எழுந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "என்னண்ணே இப்பிடி மூச்சு வாங்குது?"

"பயந்துட்டேன்."

"நீங்க எதுக்குத்தான் பயப்படல" என்றாள் அவள். அதில் சிரிப்பு இருந்ததா என்று இருட்டில் தெரியவில்லை. செம்புத் தண்ணீரை அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள். "நான் போகல. போறதுக்கு அங்க யாரும் கூப்பிடலையே."

"நம்பரை மாத்திரவா?" என்று கேட்டார்.

"வேணாம். நீங்க கீழ போறது தெரியட்டும்." பிறகு சொன்னாள்: "டவுன்ல குடுத்து சார்ஜ் போட்டுட்டு வருவீங்களா?"

பெட்டரியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீரசிங்கம் இறங்கினார். பக்கத்து ஆசனத்தில் அதை வைத்தார். ஆலைக்குப் போகும் வழியில் வளைவுக்கு வளைவு அது சரியப் பார்த்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, ஹோர்ன் அடித்தபடி, மாடு நடக்கிற வேகத்தில் போனார்.