வண்டி நடுங்கிய நாலு நாள்

என் இடது கால் சூம்பிய கால். பால்குடி மறக்கும் முன்பே வந்த இளம்பிள்ளை வாதம் செய்த வேலை. பழவேற்காட்டை ஒட்டிய எங்கள் குப்பத்தில் கடலுக்குப் போக முடியாத ஆண்பிள்ளைக்கு உட்கார்ந்த இடத்தில் கிழிந்த வலைகளைச் சரிசெய்வதுதான் வேலை. இருபத்து மூன்று வயதுவரை அதைத்தான் செய்தேன், முணுமுணுத்துக்கொண்டே. எனக்கு வண்டி ஓட்ட ஆசை. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், இறால் வியாபாரம் செய்த ஒரு பாய் மெட்ராஸில் ஏலத்தில் பழைய வெளிநாட்டுக் கார் ஒன்றை எடுத்து வந்தார். கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். ஊரின் லாரி டிரைவர்கள் மூன்று பேர் ஓட்டிப் பார்த்தார்கள். மூவருமே பழக்கதோஷத்தில் கிளட்ச் என்று நினைத்து இடது காலால் பிரேக்கை மிதிக்க, பின்சீட்டில் இருந்த பாய் மூன்று முறையும் முன்சீட்டுக்கு வந்து சேர்ந்தார். இடது கால் விளங்காதவன்தான் இந்தச் சனியனுக்கு லாயக்கு என்று அவர் எரிந்து விழுந்தது என் காதுக்கு வந்தது. மறுநாள் காலை அவர் வாசலில் போய் நின்றேன். லைசென்ஸ் வாங்க இருவரும் பட்ட பாடு தனிக் கதை. அந்த வட்டாரத்திலேயே நான் ஓட்டக்கூடிய வண்டி அது ஒன்றுதான்.

இரண்டு வருஷம் ராஜாவாகத் திரிந்தேன். பிறகு ஒரு திங்கட்கிழமை பொன்னேரி போகும் வழியில் வண்டி உதற ஆரம்பித்தது. மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. கொஞ்சம் வேகம் பிடித்தால் குளிர்ஜுரம் வந்ததுபோல் நடுங்கியது, இடையிடையே வெடுக் வெடுக்கென்று இழுத்தது. பாயின் வெற்றிலைப் பெட்டி மடியிலிருந்து குதித்துக் கீழே கொட்டியது.

பொன்னேரி மெக்கானிக் பிளக்கைக் கழற்றித் துடைத்தார், எண்ணெயை மோந்து பார்த்தார், கடைசியில் தானாக மாறும் கியர் பாக்ஸ்தான் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னார். அவர் வாழ்நாளில் அப்படி ஒன்றைத் திறந்ததே இல்லை. தெரியாத பொருளின் மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம்! அதற்குச் சாமான் கிடைக்காது, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்றார். பாயும் சலித்துப்போய் மெட்ராஸ் புரோக்கருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் புரோக்கர் வருவதாக ஏற்பாடு. அன்றோடு நான் மறுபடி வலை முன்னால் உட்கார வேண்டியவன்.

வியாழக்கிழமை பாயை ஏற்றிக்கொண்டு பொன்னேரியிலிருந்து திரும்பினேன். நேரான சாலை, எதிரில் யாரும் இல்லை. நடுக்கம் வரும்வரை வேகம் எடுத்து, சட்டென்று நியூட்ரலில் தள்ளி, ஆக்சிலேட்டரிலிருந்து காலையும் எடுத்துவிட்டேன். எஞ்சின் அடங்கியது, கியரில் பிடிப்பு இல்லை, வண்டி சும்மா உருண்டது. நடுக்கம் மட்டும் அப்படியே இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது. கியரும் எஞ்சினும் ஒதுங்கிய பிறகும் நடுங்கினால் கோளாறு அவற்றுக்குப் பின்னால், சக்கரத்திலோ சக்கரத்தைச் சுழற்றும் நீளக் கம்பியிலோ இருக்க வேண்டும். மோட்டார் வைத்த படகு உதறினால் எங்கள் ஆட்கள் எஞ்சினைப் பிரிப்பதில்லை. முதலில் தண்ணீருக்குள் கைவிட்டு விசிறியில் என்ன சுற்றியிருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

ஓரமாக நிறுத்திவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தேன். படுத்துவிட்டால் நல்ல கால் என்ன, சூம்பிய கால் என்ன. கம்பியின் பின்முனையில் ஒரு நைலான் நண்டு வலை தலைப்பாகை கட்டினதுபோல் இறுகச் சுற்றியிருந்தது. அதன் ஈயக் குண்டுகளெல்லாம் ஒரே பக்கமாகச் சேர்ந்திருந்தன. அந்தக் கனம் ஒரு பக்கமாகச் சுழன்றால் வண்டி நடுங்காமல் என்ன செய்யும்? வலையில் பச்சை நூலால் போட்ட ஒட்டு ஒன்று தெரிந்தது. அதைப் போட்டவன் நான். வலை என் சித்தியுடையது. அது திருட்டுப் போய்விட்டதென்று நாலு நாளாக மூன்று வீட்டுக்காரர்களை வாசலில் நின்று திட்டிக்கொண்டிருந்தாள்.

சந்தோஷம் அங்கேயே வடிந்துவிட்டது. எங்கள் தெருவில் வலைகளைச் சாலையில்தான் உலர்த்துவார்கள். வண்டி வந்தால் டிரைவர் இறங்கி, வலையை ஓரமாக மடித்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். எல்லா டிரைவரும் அப்படித்தான் செய்வார்கள். நான் மட்டும் இறங்குவதில்லை, மேலேயே ஏற்றிப் போவேன். காருக்குள் இருக்கும்வரை நான் முழு ஆள். இறங்கினால் காலை இழுத்து இழுத்து நடப்பதைத் தெருவே பார்க்கும். எனக்கு அது வெட்கம்.

வலையை அறுத்துப் புதரில் வீசியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த மூன்று வீட்டுக்காரர்களும் சும்மா திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்களே. வலையைப் பிய்த்தெடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, இறங்காத காரணத்தையும் சேர்த்துப் பாயிடம் சொன்னேன். அவர் குனிந்து வண்டிக்கு அடியில் ஒருமுறை பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"வண்டி நல்லாத்தாண்டா இருக்குது. உன்ன வச்சுக்கிறதா வேணாமானு வலைக்காரியக் கேட்டுக்கினு வா" என்றார்.

சித்தி வீட்டுக்கு எதிரில் காரை நிறுத்தி, நாலு நாளுக்குப் பிறகு உதறல் இல்லாத வண்டியிலிருந்து உதறலோடு இறங்கினேன். தெருவே பார்க்க அவள் வாசல்வரை நடந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வலையை வாங்கி விரித்துப் பார்த்தாள். பாதிக்கு மேல் கந்தல். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டித் தீர்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள்.

"எறங்க முடியலன்னா இன்னாடா? ஒரு ஆரன் அடிச்சிருந்தா நானே வந்து சுருட்டிக்க மாட்டேனா?"

இருபத்தைந்து வயதுவரை என் காலுக்காக யாரிடமும் ஒரு உதவியும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

புரோக்கர் வெள்ளிக்கிழமை வந்து, பாய் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். அந்தக் கந்தலைச் சரிசெய்ய எனக்கு ஒரு மாதம் ஆனது. அதன்பின் ஆறு வருஷம், சித்தி வீட்டுக்கு முன்னால் நிறுத்தி ஹாரன் அடிப்பேன். அவள் என்னைத் திட்டிக்கொண்டே வந்து வலையைச் சுருட்டுவாள். நான் சீட்டில் உட்கார்ந்தபடி காத்திருப்பேன்.