எண்ணெய் தேய்த்தால் குளிக்கிற ஊர்

போன வருஷம் மங்களூரில் கட்டட வேலையை மேற்பார்வை பார்க்கப் போன என் வீட்டுக்காரர், மலேரியாவோடு சேரன்மகாதேவிக்குத் திரும்பினார். மூன்று போர்வை போர்த்தி, மேலே நானும் சாய்ந்து அழுத்தியும் நடுக்கம் நிற்கவில்லை. கட்டிலே ஆடியது. பிழைப்பாரா என்று பயந்துபோனேன். மாத்திரையில் தேறினார். இனிமேல் கொசுக்கடி படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். அந்தப் போர்வைகளைப் பரணில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. கட்டில் தலைமாட்டிலேயே கிடந்தன.

படுத்தால் கொசுவலை உண்டு. பொழுது சாயும் நேரம்தான் கவலை. சுருள் கொளுத்தினால் அவருக்கு இருமல் வரும். அதனால் கொசு அண்டாமல் இருக்க டவுன் நாட்டு மருந்துக் கடையில் புல்தைலம் வாங்கினேன், எலுமிச்சைப் புல்லிலிருந்து வடிப்பது.

"அப்படியே தேச்சா எரியும். தேங்காய் எண்ணெயில கொஞ்சமா கலந்துக்கிடுங்க. ஒண்ணு ரெண்டு மணி நேரம் தாங்கும்" என்றார் கடை அண்ணாச்சி.

நான் வேலை முடிந்து பஸ் பிடித்து வர ஏழு மணியாகிவிடும். சாயங்காலம் அவரே தேய்த்துக்கொள்வார். பாட்டிலும் ஒழுங்காகக் குறைந்துகொண்டு வந்தது. ஆனாலும் கையிலும் கழுத்திலும் தினம் புதுத் தடிப்பு. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போய்ச் சத்தம் போட்டேன்.

அண்ணாச்சி முகர்ந்து பார்த்தார். "சரக்கு சுத்தம்மா. வீட்டுல எப்படித் தேய்க்காவன்னு பாருங்க."

மறுநாள் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஐந்தரைக்கு அவர் உச்சி முதல் உள்ளங்கால் வரை பொறுமையாகத் தேய்த்தார். கால் மணி நேரம் ஊறினார். பிறகு துண்டைத் தோளில் போட்டு, சீயக்காய் டப்பாவைக் கையில் எடுத்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ஆத்துக்குத்தான். ஏட்டி, எண்ணெ தேச்சா குளிக்காண்டாமா?"

தலையில் அடித்துக்கொண்டேன். இத்தனை நாளும் தாமிரபரணி மீன்களைத்தான் கொசுக்கடியிலிருந்து காப்பாற்றியிருக்கிறேன்! அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு எண்ணெய் என்றால் அடுத்தது ஆறுதான். குளிக்கக் கூடாது என்று சொல்லாமல் விட்டது நான். அண்ணாச்சியிடம் வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு இன்னொரு பாட்டிலை எடுத்து வைத்தார்.

அதன்பின் குளித்துத் துவட்டிய பிறகே எண்ணெய். லீவு நாளில் நானும் பாட்டிலோடு படித்துறைக்குப் போய் அவர் முதுகில் தேய்த்துவிடுவேன். துணி துவைக்கிற பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கு அந்த நேரம் பிடித்திருந்தது.

மழைக்காலம் கழிந்தது. தடிப்பு குறைந்தது, காய்ச்சல் வரவில்லை. தைலமா, வலையா, இரண்டுமா என்று நான் ஆராயப் போவதில்லை. மார்கழியில் ஒரு விடியற்காலை, "ஏட்டி, போர்வைய எடு" என்றார். துள்ளி எழுந்தேன். நெற்றியைத் தொட்டேன், கழுத்தைத் தொட்டேன். சூடு இல்லை. நடுக்கம் இல்லை. வெறும் மார்கழிக் குளிர். ஒரே ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு, மற்ற இரண்டையும் அன்றைக்கே பரணில் ஏற்றினேன்.