இரண்டாயிரம் மைல்கூட ஓடாத வண்டி

போர்ட் பிளேரில் ஓர் ஆபீசருக்கு மெயின்லேண்டுக்கு மாற்றல் வந்துவிட்டால், அந்த வாரம் முழுக்க அவருடைய குவார்ட்டர்ஸ் வாசல் சந்தைக்கடைதான். கட்டில், தையல் மெஷின், அரை ஜாடி ஊறுகாய் வரைக்கும் விலைபோகும். எதையும் ஓட்டிப் பார்த்து, தட்டிப் பார்த்து வாங்கும் வழக்கம் கிடையாது. யோசித்துச் சொல்கிறேன் என்று இழுத்தால் பின்னால் நிற்பவன் தூக்கிக்கொண்டு போய்விடுவான். கப்பல் கிளம்பிய பிறகு, விற்றவரைப் பிடிக்கக் கடலைத் தாண்ட வேண்டும். அறுபதுகளின் நடுவில் இந்த அழகான ஏற்பாட்டில்தான் நான் மோட்டார் சைக்கிள் வாங்கினேன்.

வாங்கியே தீர வேண்டிய நிலைமை. ரோடு போடும் பிரிவில் நாங்கள் இரண்டு ஓவர்சியர்கள். புதிதாக வந்த எஞ்சினியர், எங்களில் ஒருவனைப் போர்ட் பிளேரில் வைத்துக்கொண்டு மற்றவனை வடக்கே கப்பலில் போக வேண்டிய மாயாபந்தருக்கு அனுப்பப் போவதாகச் சொல்லிவிட்டார். இங்கே இருப்பவன் தினமும் வேலை நடக்கும் இடங்களைச் சுற்றி வர வேண்டும், அதனால் சொந்த வண்டி வேண்டும், திங்கட்கிழமை காலை வண்டிகளைப் பார்த்து முடிவு செய்வேன் என்றார். என் மனைவி இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணமாகி இரண்டு வருஷம் அவள் திருச்சியிலும் நான் தீவிலுமாக இருந்து, அப்போதுதான் டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் ஒரே கூரைக்குக் கீழே வந்திருந்தோம். மறுபடியும் கப்பலுக்குக் காத்துக் கிடக்கும் வாழ்க்கைக்கு நான் தயாராக இல்லை.

மற்ற ஓவர்சியர் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன், மீன்பிடிக் குடும்பம். அவனிடம் ஏற்கெனவே ஒரு வண்டி இருந்தது. அதை வண்டி என்று சொன்னால் மற்ற வண்டிகள் கோபித்துக்கொள்ளும். சைலன்சரைக் கம்பியால் கட்டியிருப்பான், சீட்டில் ரெயின்கோட் துணியைத் தைத்திருப்பான். ஆபீசுக்கு அவன் வருவது ஜங்கிலிகாட் திருப்பத்திலேயே கேட்கும். அதன் மேல் உட்கார்ந்துகொண்டு பெரிய துரை மாதிரி சலாம் வேறு வைப்பான். இவனிடமா நான் தோற்பேன் என்று நினைத்தேன்.

எனக்கு விற்ற பெரிய மனுஷர் கணக்குப் பிரிவில் இருந்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் மெட்ராசிலிருந்து வண்டியைக் கப்பலில் கொண்டுவந்தார். வந்ததிலிருந்து அது வராந்தாவில் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்கியது. மழையில் எடுத்தால் சேறாகும், வெயிலில் எடுத்தால் பெயிண்ட் மங்கும். ஞாயிறு தவறாமல் கம்பளியை விலக்கி, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, தெருவில் போகிறவர்கள் பார்த்துவிட்டார்களா என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, மறுபடி போர்த்துவார். ஆபீசுக்கு நடந்துதான் போவார். சாமி விக்கிரகத்தையாவது வருஷத்துக்கு ஒரு முறை தேரில் வைத்து இழுப்பார்கள்.

"கிக் பண்ணிப் பாக்கலாமா சார்?" என்று கேட்டேன்.

"பெட்ரோல் எங்கேய்யா? கப்பல்ல டிரம் வந்தாத்தானே?" என்றார். பிறகு மீட்டரை விரலால் தட்டினார். "இதைப் பாரும். ரெண்டாயிரம் மைல்கூட ஓடலை. பில்குல் நயா, புத்தம் புதுசு. உமக்குங்கறதால தரேன்."

பார்த்தேன். மயங்கினேன். இந்த ஊரில் அப்போது எந்த வண்டிதான் மைல் மைலாக ஓடியது? அபர்டீன் பஜாரில் கிளம்பி ஹாடோ பக்கம் ஒரு சுற்றுப் போய் வந்தால் பாதி ரோடு தீர்ந்துவிடும். அந்த ரோட்டையே அளந்து போடுகிறவன் நான். மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் நின்று வாங்குகிறவன் மாதிரி, குறைந்த மைல் என்று பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கினேன். உப்புக் காற்றில் மூன்று வருஷம் சும்மா நின்ற இரும்பு என்ன ஆகும் என்று கேட்க என் மூளைக்குத் தோன்றவில்லை. மறுநாள் அவர் கப்பலேறிப் போனார். கை வேறு ஆட்டினார்.

வீட்டில், கடன் வாங்கிய பெட்ரோலை ஊற்றி உதைத்தேன். கிக்கர் இறங்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேறு வழியில்லாமல் அந்தத் தூத்துக்குடிக்காரனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவன் வந்து டேங்குக்குள் டார்ச் அடித்தான், துரு செதில் செதிலாக நின்றது. எஞ்சினைப் பிரித்துப் பார்த்தான்.

"பிஸ்டன் அப்படியே பிடிச்சிருக்கு அண்ணே. சாமான் மெட்ராஸ்ல இருந்து வரணும். ரெண்டு மாசம் ஆவும். இந்த ஊர்ல ஓடுத வண்டியத்தான் வாங்கணும். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டான் என்று எரிச்சல்தான் வந்தது. அவனோ எல்லாவற்றையும் பழையபடி பூட்டித் துடைத்து வைத்தான். திங்கட்கிழமை காலையில் வந்து, ஆபீஸ் மேடுவரை என்னோடு சேர்ந்து தள்ளியும் கொடுத்தான். எதற்குத் தள்ளினான் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. தன் சோற்றில் மண் விழப் போவது தெரியாத மடையன் என்று அப்போது முடிவு கட்டினேன்.

எஞ்சினியர் வெளியே வந்தார். மெயின்லேண்டிலிருந்து இறங்கி ஒரு மாதம்கூட ஆகாதவர், ஷூவில் இன்னும் பாலிஷ் இருந்தது. அவன் வண்டியைப் பார்த்து முகம் சுளித்தார், மீட்டரைப் பார்த்து இன்னும் சுளித்தார். என் வண்டியின் மீட்டரைக் குனிந்து பார்த்தார். "அரே வா! இத்னா கம் சலா ஹை!" என்றார். இவ்வளவு குறைவாக ஓடியிருக்கிறதே என்று அவருக்கும் வாய் பிளந்தது. என்னைவிடப் படித்த முட்டாள்.

"சல்தி ஹை நா?" என்று என்னைக் கேட்டார். ஓடும்தானே?

"ஹா(ங்) சாப்" என்றேன்.

தூத்துக்குடிக்காரன் என் பக்கத்தில்தான் நின்றான். கையில் அந்த வண்டியின் துரு இன்னும் போகவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். எஞ்சினியர் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார்.

மாயாபந்தர் கப்பலுக்குப் போகும்போது அவன் என்னிடம் ஒரே ஒரு உதவி கேட்டான்.

"எம் பொஞ்சாதி அடுத்த கப்பல்ல வாறா அண்ணே. கெளம்பிட்டா, தந்தி கெடைச்சிருக்காது. நீங்கதான் கூட்டிட்டுப் போயி ரெண்டு நாள் வச்சிருந்து மாயாபந்தருக்கு ஏத்தி விடணும்."

சரி என்றேன். என் வண்டி விஷயத்தை அவன் எடுக்கவே இல்லை. நான்கு வசவு வைதிருந்தால் அவனை வெறுப்பதாவது சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த கப்பலில் அந்தப் பெண் வந்தாள். ஒரு தகரப் பெட்டி, ஒரு கருவாட்டு மூட்டை. நான்கு நாள் வாந்தி எடுத்து முகம் வெளுத்திருந்தது. சாத்தம் ஜெட்டியில் இறங்கியதும் கூட்டத்தில் அவனைத் தேடினாள். நான் போய் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் அண்ணே மாத்திட்டாவ? இங்கதான் இருப்பேன்னு எழுதியிருந்தாவளே."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. அதைக் கேட்டாலும் என்னைத் திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"வண்டி சரியில்லைன்னு சொல்லிட்டாங்கம்மா" என்றேன்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "நல்ல வண்டியா ஒண்ணு வாங்குங்கன்னு எத்தன காயிதம் போட்டேன். அவிய கேட்டாத்தானே? எல்லாம் அவிய பிடிவாதம்."

நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.