ஒண்ணேகால் மணி நேரத் தூரம்

"இணைச்சீருக்கு மாப்பிள்ளைக்குப் பக்கத்துல ஆருங்க நிக்கறது?" என்று சம்பந்தி கேட்டார்.

"என்ற தம்பி பொண்ணு வர்ஷினி நிக்குமுங்க" என்றார் அப்புசாமி.

"கூடப்பொறந்த அக்கா இருக்குதுன்னாங்களே?"

"அது கொழும்புலீங்க. கடல் தாண்டி வரோணும். ரெண்டு நாளாயிருமுங்க."

காபித் தட்டுடன் நின்ற வர்ஷினி வாய் திறந்தாள். பீளமேட்டில் விமான டிக்கெட் பதியும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை.

"ரெண்டு நாளெல்லாம் ஆகாதுங்க பெரியப்பா. நேராப் பறந்தா ஐநூத்திச் சொச்சம் கிலோமீட்டருங்க. ஒண்ணேகால் மணி நேரம். இப்ப நேர் விமானம் இல்லீங்க. மெட்ராஸ் மாறி வந்தாலும் அரை நாள்தானுங்க."

"உன்னைய ஆரு கேட்டா? கடைப் பேச்சைக் கடையோட வெச்சுக்கோ."

சம்பந்தி சிரித்தார். "பழனிக்குப் போயிட்டு வார நேரந்தானுங்க. வரச் சொல்லிப்போடுங்க. சொந்த அக்கா இருக்கயில வேற பொண்ணு நின்னா எங்க சனம் ஒரு மாதிரியாப் பேசும்."

வர்ஷினி நீட்டிய காபியை அப்புசாமி எடுக்கவில்லை.

கருமத்தம்பட்டியில் இருபத்துநாலு விசைத்தறி ஓட்டுகிறவர் அவர். எந்த ஊரையும் மொபெட் கணக்கில்தான் சொல்வார்: அவிநாசி இருபது நிமிடம், சோமனூர் பத்து. கொட்டகைக்கு மேலே விமானம் தாழப் போனால் தொழிலாளிகள் அண்ணாந்து பார்ப்பார்கள். அவர் நூல் அறுந்த தறியைப் பார்ப்பார். மூத்த மகள் பிரவீனா கொழும்புக்காரனைக் கட்டிக்கொண்டு போன நான்கு வருடங்களில் அவள் பெயரை ஒருமுறைகூட அவர் சொன்னதில்லை. அவளிடமிருந்து போன் வந்தால் வீட்டார் தறிச் சத்தத்துக்குள் போய்ப் பேசுவார்கள். கல்யாணத்தில் தம்பி மதன்குமாருக்கு அக்காவாக நின்று இணைச்சீர் செய்ய வேண்டும் என்று அவள் அழுததும் அந்தச் சத்தத்தில்தான்.

அன்று முதல் வர்ஷினியைக் கண்டால் அப்புசாமி மொபெட்டை நிறுத்துவார். "ஏம்மிணி, ப்ளேன் டைம் சொல்ல வந்தியா?" என்பார். மளிகைக் கடையிலும் சொன்னார், மாரியம்மன் கோயில் வாசலிலும் சொன்னார். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவள் தலையைக் குனிந்து கொண்டு போய்விடுவாள்.

ஆனாலும் சம்பந்தி பேச்சை அப்புசாமியால் தட்ட முடியவில்லை. பிரவீனாவுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அவளும் உடனே டிக்கெட் போட்டாள். கல்யாணத்தன்று விடிகாலையில் பட்டுச்சேலை கட்டி, சீர்க் கூடையைச் சுமந்து, தம்பிக்குப் பக்கத்தில் நின்றாள். சீர் முறைப்படி நடந்தது. அப்புசாமி மண்டபத்து வாசலில் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்குப் பத்து நாளைக்கு முன்பே அவர் வர்ஷினியின் அலுவலகத்துக்கு வந்திருந்தார். அந்தப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. குரல் மட்டும் என்றைக்கும் இல்லாத அளவு இறங்கியிருந்தது.

"கண்ணு, அரை நாள்தான்னு நீதான சொன்னே? அப்பச் சீர் முடிஞ்ச கையோட, தாலி கட்டறதுக்கு முன்னால அவளைத் திருப்பி ஏத்தியுடற மாதிரி ஒரு டிக்கெட் போட்டுக்குடு."