கன்ட்ரோல் செல்லுக்கு ஒரு பொட்டு

1. ஈயம் வந்த காலை

"மேடம், ஈயம் வந்துடுச்சு!" என்று கத்திக்கொண்டே பர்வீன் என் லேபுக்குள் ஓடி வந்தாள். அமிலம் இருக்கும் இடத்தில் ஓடாதே என்று அவளைப் பலமுறை திட்டியிருக்கிறேன். அன்றும் திட்டினேன். அவள் காதில் விழவே இல்லை.

சிதம்பரத்தில் ஒரு வேதியியல் துறையில் நான் காலமெல்லாம் செய்தது உலோகப் பிரிப்பு. பல உலோகங்கள் கலந்து கிடக்கும் கரைசலிலிருந்து வேண்டியதை மட்டும் ஒரு கரைப்பானுக்குள் இழுத்து எடுக்கும் வேலை. நான் கடலூர் தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண். அம்மா விளக்கம் கேட்டபோது, "வலையில வந்ததுல வஞ்சிரத்த மட்டும் பொறுக்கறது" என்றேன். "அதுக்கா இம்மாம் படிப்பு?" என்று கேட்டுவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

எதிர் லேப் ஞானசேகரன் சாருடையது. அவர் ஆராய்ந்தது குறைந்த ஆற்றல் அணுக்கரு வினை. 'செல்' என்று நாங்கள் சொல்லும் மூடி போட்ட கண்ணாடிக் கலத்தில் கனநீர் (ஹெவி வாட்டர்) ஊற்றி, பல்லேடியம் கம்பியை வைத்து மின்சாரம் செலுத்தினால், அறை வெப்பத்திலேயே அணுக்கருக்கள் சேர்ந்து கூடுதல் சூடு வரும், புதுத் தனிமங்கள்கூட உண்டாகும் என்று நம்புகிற ஒரு சிறு கூட்டம் உலகத்தில் உண்டு. மற்றவர்கள் சிரிப்பார்கள். எங்கள் துறையிலும் சிரித்தார்கள். "ரசவாதி சார், தங்கம் எப்ப வரும்? பொண்ணு கல்யாணத்துக்கு வேணும்" என்று ஆபீஸ் சூப்பிரண்டு கேட்பார். "மொத வளையல் உங்களுக்குத்தான்" என்று சார் கோபப்படாமல் சொல்வார். நானும் நம்பாத கட்சிதான். ஆனால் அவரைப் போல நேர்த்தியாக லேப் வைத்திருந்தவரை நான் பார்த்ததில்லை.

பர்வீன் அவருடைய ஆய்வு மாணவி, மங்கலம்பேட்டைப் பெண். உதவித்தொகை முடிந்துவிட்டது. சூடு ஒரு தடவை வந்தால் மறு தடவை வரவில்லை. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்துக்கு உருப்படியாக ஒன்று கிடைத்தால்தான் அவளுக்குப் பட்டம். இப்போது கம்பியின் மேல் முன்பு இல்லாத ஈயம் இருக்கிறது என்று வெளியூர் ஆய்வகம் சொல்லியிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே சாதா நீர் ஊற்றி ஓட்டிய கன்ட்ரோல் செல்லில் ஈயம் இல்லை.

"அப்போ புதுசா உருவானதுதான மேடம்?" என்றாள்.

பின்னாலேயே சார் வந்தார். "நீங்க நம்ப மாட்டீங்கன்னு தெரியும். அதனாலதான் உங்ககிட்ட வர்றேன். நீங்க பாத்து இருக்குன்னு சொன்னா கட்டுரைய அனுப்பிடுவேன்."

2. சிவப்பு

டைதைசோன் என்றொரு பொருள் உண்டு. அதன் பச்சைக் கரைசலோடு ஈயம் உள்ள நீரைச் சேர்த்துப் பிரிபுனலில் குலுக்கினால், பச்சை போய்ச் செக்கச் சிவந்துவிடும். மற்ற உலோகங்கள் குறுக்கே வராமல் அடக்கி வைக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கம்பியைக் கரைத்துக் குலுக்கினேன். சிவந்தது. ஈயம் நிஜம்.

பர்வீன் கைதட்டினாள். எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் கூடவே உறுத்தல். கனநீர், லித்தியம், மின்கம்பி, ஒட்டுப் பசை என்று செல்லுக்குள் போன ஒவ்வொன்றையும் சோதித்தேன். எல்லாம் பச்சையாகவே நின்றன. மனசுக்குள், இந்தப் பெண்ணுக்காகவாவது இது உண்மையாக இருந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கடைசியில் செல்லையே பார்க்கப் போனேன். மூடியில் ஒரு பெரிய குங்குமப் பொட்டு.

எங்கள் துறையில் ஆயுத பூஜை என்றால் மின் அடுப்பு, தராசு, ஜெராக்ஸ் மெஷின், எதுவும் பொட்டில்லாமல் தப்பாது. ஞானசேகரன் சார் மட்டும் தன் செல்லை யாரையும் தொட விடமாட்டார். பொட்டும் அவரேதான் வைப்பார். அந்த வருடம் பூஜை வாரத்தில் பர்வீன் ஊருக்குப் போயிருந்தாள். பூஜை முடிந்த கையோடு சாரே செல்லை ஓட்டியிருக்கிறார். பொட்டு, கனநீரை அவ்வப்போது ஊற்றி நிரப்பும் துளையை ஒட்டி இருந்தது. துளைப் பக்கத்து ஓரம் மட்டும் கரைந்து போயிருந்தது. கன்ட்ரோல் செல்லின் மூடி வெறுமையாக இருந்தது.

"சார், இதுக்கு ஏன் வைக்கல?"

"அது சும்மா ஒப்பிட்டுப் பாக்கத்தான மேடம். ஓடற வண்டிக்குத்தான பொட்டு வைப்போம்?"

சொல்லி முடித்ததும் அவருக்கே உறைத்துவிட்டது. விரலால் பொட்டைத் தொட்டுப் பார்த்தார். நிறம் தூக்கலாகத் தெரிய, கடைக் குங்குமத்தில் ஈயச் சாயம் கலப்பது உண்டு என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

3. அதே கை, அதே குங்குமம்

வீட்டிலிருந்து அதே பாக்கெட்டை எடுத்து வந்தார். கன்ட்ரோல் செல்லில் புதுக் கம்பி மாட்டி, மூடியில் அதே இடத்தில் தன் கையாலேயே பொட்டு வைத்தார். பர்வீனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சார், விட்டுடலாம் சார். இதுவும் செவந்துச்சுன்னா என் சாப்டர் போச்சு."

"செவக்கலன்னா யாரும் நம்மள அசைக்க முடியாதும்மா. பாத்துடுவோம்."

வழக்கம் போல ஓட்டினோம், வழக்கம் போல நீர் ஊற்றி நிரப்பினோம். கம்பியைக் கரைத்து நான்தான் குலுக்கினேன். சாதா நீர் ஓடிய செல், முதல் செல்லைப் போலவே செக்கச் சிவந்தது.

பர்வீன் அழுதாள். சார் ஸ்டூலில் உட்கார்ந்து லேசாகச் சிரித்தார். "நானே வெச்ச பொட்டு. யார நோவறது?" என்றார். பிறகு அவளிடம், "சாப்டர் போகல. தலைப்புதான் மாறுது. இம்மாத்தூண்டு ஈயம் எப்படி உள்ள வருது, அத எப்படிப் புடிக்கிறது, அத எழுது. மேடம் சொல்லித் தருவாங்க. சூடு என் கவல, நான் பாத்துக்கறேன்" என்றார்.

அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றைக்குப் பல மடங்கு ஆனது. அனுப்பக் காத்திருந்த கட்டுரையை அவர் அனுப்பவே இல்லை.

வாய்மொழித் தேர்வில் பர்வீன் பொட்டுக் கதையை மறைக்காமல் சொன்னாள். அரங்கமே சிரித்தது, சார்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பட்டம் கிடைத்தது. இப்போது கடலூரில் ஓர் உணவுப் பரிசோதனை ஆய்வகத்தில் மஞ்சள் தூளிலும் மிளகாய்த் தூளிலும் ஈயம் பிடிக்கிறாள். ஓய்வு பெற்ற சார், வீட்டு மாடியில் இன்னும் செல் ஓட்டுகிறார். நான் இன்னும் நம்பவில்லை. காபிக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவேன்.

புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒப்பிட வைத்திருக்கும் செல்லை இளப்பமாக நடத்தாதீர்கள். பிரியமான செல்லுக்கு என்ன செய்தாலும் அதற்கும் செய்யுங்கள்.

போன ஆயுத பூஜைக்கு சார் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். இரண்டு செல்கள். பொட்டு இந்த முறை மூடியில் இல்லை, ஸ்டாண்டின் காலில், இரண்டுக்கும் ஒரே அளவில். கீழே எழுதியிருந்தார்: "வெறும் மஞ்சள்தான் மேடம். பர்வீன் டெஸ்ட் பண்ணிக் குடுத்தது."