ஆடாத பலகை

என் அக்கா புருஷனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ‘அரைச்சுற்று’ என்றால்தான் தெரியும். அட்டைப்பெட்டியில் துண்டு துண்டாக வரும் கட்டில்களைப் பூட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். பலகைகளைச் சேர்க்கிற திருகாணி இறுகிய பிறகு அரைச்சுற்றுக்கு மேல் திருகினால் பலகை பிளந்துவிடும். "அரைச்சுத்து போதும், அரைச்சுத்து போதும்" என்று எல்லாரிடமும் கத்திக் கத்தியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

கட்டிலில் முதலில் கெட்டுப்போவது தலைமாட்டுப் பலகைதான் என்பார். ஈரச்சுவரில் ஒட்டிப் போட்டால் அடி ஊதிவிடும். ஓரத்தில் மேல்தாள் உரியும். சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்தால் ஆணித்துளை அகன்று, உள்ளே இருக்கும் மரத்தூள் கொட்ட ஆரம்பிக்கும். வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே பொய்தான் சொல்வார்கள்: தானா ஆட ஆரம்பிச்சிடுச்சு. "ஆமா, பேய் வந்து ஆட்டுச்சு" என்பார் அத்தான்.

அகன்ற துளையில் பசை தடவிய தீக்குச்சிகளை அடைத்து, ஆணியைத் திருகிவிடுவார். பிறகு பலகையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார்.

"நாளைக்கு இதே நேரம் வரைக்கும் இதைத் தொடக் கூடாது. இப்ப கெட்டியாத்தான் தெரியும். நம்பிடாதீங்க."

இதை ஆயிரம் வீட்டில் சொல்லியிருப்பார்.

போன வருடம் அக்கா வழுக்கி விழுந்து, இடுப்பில் அறுவை சிகிச்சை செய்தார்கள். இன்னொரு தடவை விழுந்தால் நடக்கிற பேச்சே இல்லை என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொன்னார். அக்கா கட்டிலிலிருந்து எழுவதென்றால் தலைமாட்டுப் பலகையை இறுக்கிப் பிடித்துத்தான் எழுவாள். அந்தப் பலகை ஆட ஆரம்பித்தது.

"என்னங்க, ஆடுதுங்க" என்பாள்.

"நாளைக்குப் பாத்துடலாம்."

ஒரு மாதம் இப்படியே ஓடியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஊர்ல இருக்கற கட்டிலுக்கெல்லாம் வைத்தியம் பாக்கறீங்க, எங்க அக்கா படுக்கற கட்டில் மட்டும் கண்ணுக்குத் தெரியலையா அத்தான்?" என்று ஒருநாள் போனில் கத்திவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா சமையலறையில் நாற்காலியில் இருந்தாள். பசை, தீக்குச்சி, ஆணி, எல்லாம் ஒழுங்காகச் செய்தார். மெத்தையைத் திரும்பப் போட்டு, விரிப்பைக்கூடச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டார். அப்போது வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்தார். அங்கே கட்டிலே சரிந்து கிடந்ததாம். சிவப்புத் துணி பையில் இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு, "சரி பண்ணிட்டேன்" என்று மட்டும் குரல் கொடுத்துவிட்டு ஓடினார். வீட்டு ஆளுக்குத் துணி எதற்கு என்று நினைத்தாராம். ஒரு நாள் தொடக் கூடாது என்று தினமும் போனில் வாடிக்கையாளர்களிடம் தான் சொல்வதை அவள் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறாள் என்று நினைத்தாராம். அட பாவி மனுஷா!

மத்தியானம் அக்கா படுத்துவிட்டு எழப் போனாள். வழக்கம்போலப் பலகையைப் பிடித்தாள். முழு உடம்பையும் தூக்கும்போது, ஈரம் காயாத தீக்குச்சிகளோடு ஆணிகள் உருவிக்கொண்டு வந்தன. பலகையோடு சேர்ந்து அவளும் தரையில் விழுந்தாள்.

எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர் தலையை ஆட்டினார். இனி சக்கர நாற்காலிதான்.

அத்தானை அங்கேயே நாலு பேர் முன்னால் கிழித்துவிட வேண்டும் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா படுத்திருந்த கட்டிலின் கால்மாட்டில் அவர் நின்றுகொண்டிருந்தார். விரல்களில் பசை காய்ந்து வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது. அக்கா என்னைப் பார்த்ததுமே என் கோபத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அவரை ஒண்ணும் சொல்லாதேடா" என்றாள். "எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி நானும் அசைச்சுப் பாத்தேன். ஒரு மாசமா ஆடிட்டிருந்தது, இன்னிக்கு ஆடவே இல்ல. அதான் நம்பிப் பிடிச்சேன்."